கடைசி வரிசைக்கும் கேட்கும்

எனக்குக் கணீரென்ற குரல். என்னைத் தவிர யாரும் இதைச் சொன்னதில்லை. அது குரலின் குற்றமல்ல, வீட்டின் குற்றம். சத்துவாச்சாரி ஃபேஸ் டூவில் இருக்கும் எங்கள் வீட்டில் ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே பன்னிரண்டடி இருந்தால் அதிகம். அந்தப் பன்னிரண்டடியை என் குரல் முழுசாகக் கடந்து நான் பார்த்ததில்லை. "ஒரு காபி கிடைக்குமா?" என்று ஹாலிலிருந்து கேட்டால் "ஒரு" குக்கர் விசிலோடு போகும், "காபி"யை மிக்ஸி அரைத்துவிடும், மிச்சமிருக்கும் "கிடைக்குமா"வைப் பெங்களூர் ஹைவேயில் போகிற டேங்கர் லாரி தன் ஹாரனோடு சேர்த்து ராணிப்பேட்டையில் கொண்டுபோய் இறக்கிவிடும்.

அதே நான் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டு, ஆற்காட்டில் இருக்கும் அக்காவோடு போனில் கிசுகிசுத்தால், கீழே கடுகு தாளித்துக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரிக்கு ஓர் எழுத்து பிசகாமல் கேட்கும். சத்தம் எந்தத் திசையில் போகும், எதில் முட்டும், எங்கே அமுங்கும் என்பதில் எனக்கு ஆர்வம் பிறந்தது இப்படித்தான். குடும்பஸ்தர்கள் பலர் விஞ்ஞானிகள் ஆனது இந்த வழியில்தான் இருக்க வேண்டும்.

ஆகவே, சென்னையில் வேலை பார்க்கும் பையன் போன் செய்து, "எழும்பூர் மியூசியம் தியேட்டர்ல ஒரு நாடகம்ப்பா. டிக்கெட் எடுத்துட்டேன், அம்மாவையும் பாட்டியையும் கூட்டிக்கினு வாங்க. மைக்கே வைக்க மாட்டாங்க. மெதுவாப் பேசினாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்" என்றதும், என்ன நாடகம், யார் போடுகிறார்கள் என்றுகூட நான் விசாரிக்கவில்லை. மைக் இல்லாமல் ஒரு மனிதன் பேசுவது இன்னொரு மனிதனுக்குக் கேட்கிற இடம் உலகத்தில் இருக்கிறது. அதுவும் காட்பாடியிலிருந்து ரயிலேறினால் 130 கிலோமீட்டரில் இருக்கிறது. எனக்கு அது போதும்.

மேடை எனக்குப் புதிதும் அல்ல. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் 'மனோகரா'வில் நடித்தவன் நான். பம்மல் சம்பந்த முதலியார் 1895-ல் மேடையேற்றிய நாடகம். 1954-ல் சிவாஜி கணேசன் நடித்துப் படமாக வந்த பிறகு, மனோகரனைச் சங்கிலியில் கட்டி சபைக்கு இழுத்து வரும் காட்சியைப் போடாத பள்ளிக்கூடம் எங்கள் ஜில்லாவில் கிடையாது. எனக்குக் கிடைத்தது அந்தச் சங்கிலியின் வலது நுனியைப் பிடித்திருக்கும் சிப்பாய் வேஷம். வசனம் இல்லை. "அவன் திமிறும்போது நீ விட்டுடணும்" என்பதுதான் தமிழ் ஐயா எனக்குச் சொல்லிக்கொடுத்த மொத்த நடிப்பு. மேடையேறியதும் எனக்குக் கடமை உணர்ச்சி வந்துவிட்டது. ராஜா பிடிக்கச் சொல்லியிருக்கிறார், நான் எதற்கு விட வேண்டும்? மனோகரன் இழுத்தான், விடவில்லை. மறுபடி இழுத்தான், அவன் மீசை ஒரு பக்கம் தொங்கியது, நான் விடவில்லை. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "வுடுடா டேய்" என்றான். சம்பந்த முதலியார் நாடகத்திலும் எழுதாத, கலைஞர் படத்திலும் எழுதாத அந்த வசனத்துக்குத்தான் அன்றைக்குக் கைதட்டல்.

கல்யாணமான புதிதில் இந்தக் கதையை மனைவியிடம் சொன்னேன். "இப்பவும் அப்படித்தானே கீறீங்க, எதைத்தான் விட்டீங்க" என்றாள். கலை விமர்சனம் என்று எடுத்துக்கொண்டேன்.

ரயிலில் போகும்போது நாடகக் கலையைப் பற்றிச் சிறியதாக ஓர் உரை நிகழ்த்த எண்ணம். எங்கள் வீட்டில் உரைக்கு முன்அனுமதி வேண்டும். வெள்ளைக்காரன் 1876-ல் நாடகங்களை அடக்க ஒரு சட்டம் போட்டான். சுதந்திரம் வந்த பிறகு 1954-ல் நம் மாகாணமே தன் பங்குக்கு இன்னொன்று போட்டது, எம்.ஆர். ராதாவின் வாய்க்குப் பூட்டுப் போடத்தான் என்று பேச்சு. நாடகப் பிரதியைப் போலீசிடம் கொடுத்து, அவர்கள் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மேடையேற வேண்டும். பரீக்‌ஷா ஞாநி வழக்குப் போட்டு, 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. தீர்ப்பின் நகல் எங்கள் வீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. "இது அம்மா எதிர்ல வேணாம்", "இத ஏற்கெனவே சொல்லியாச்சு", "இதுல எங்க அப்பாவ ஏன் இழுக்கறீங்க" என்று அடித்தது போக மிஞ்சுவதைத்தான் நான் பேசலாம். இந்தத் தடவை மிஞ்சியது விக்டோரியா பப்ளிக் ஹால் மட்டும்.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமம். நாடகம் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அர்ச்சுனன் வேஷம் யாரு மாப்ள கட்டறது?" அவரைப் பொறுத்தவரை நாடகம் என்றால் பாரதக் கூத்து. திரௌபதி அம்மன் கோயிலில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, விடிய விடிய. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்க்கட்டை எல்லாம் கட்டிக்கொண்டு, இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாதி பாட்டைப் பாடிவிட்டுத்தான் ராஜா முகம் காட்டுவார். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு நெட்டையாக ஒரு பனைமரத்தை நட்டுப் படி அடித்திருப்பார்கள். வேஷக்காரர் ஒவ்வொரு படியிலும் நின்று பாடி உச்சிக்கு ஏறி, அங்கிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் எறிவார். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். அப்படி மடியில் விழுந்த ஒரு பழத்தின் பலனாகப் பிறந்தவள்தான் என் மனைவி என்று அத்தை சொல்வார். அந்தப் புளிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கியது அப்போதுதான். சொல்லவில்லை, பிரதி அனுமதிக்கே போயிருக்காது.

"இதுல மரமெல்லாம் ஏற மாட்டாங்க அத்தை. ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும்."

"ரெண்டு மணி நேரமா? அதுக்குள்ள கட்டியக்காரனே வந்திருக்க மாட்டானே?" என்றவர், இருந்தாலும் கூத்துக்குப் போகிற முறை கெடக்கூடாது என்று பாய், போர்வை, முறுக்கு டப்பா எல்லாம் எடுத்து வைத்தார். கெஞ்சிக் கூத்தாடிப் பாயையும் போர்வையையும் பிடுங்கி வைத்தேன். டப்பாவை நான் கவனிக்கவில்லை.

என் ஷூவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் மேல்விஷாரம் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பக்கம் நெடுகத் தோல் பதனிடுவதும் ஷூ தைப்பதும்தான் பிழைப்பு. ஜெர்மனியிலும் இத்தாலியிலும் நடமாடும் கால்களில் எங்கள் ஊர்த் தையல் இருக்கிறது. தையல் ஒரு நூல் கோணினாலோ, ஒரு காலின் பழுப்பு மறு காலைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தாலோ அங்கே வேண்டாம் என்பார்கள். அதை நாங்கள் 'எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்' என்று பெருமையாகச் சொல்லி வாங்கி மாட்டிக்கொள்வோம். ரிஜெக்ட் என்பது மறந்துபோய் எக்ஸ்போர்ட் மட்டும் மனசில் நிற்கும். என் ஜோடியில் நிறமும் சரி, தையலும் சரி. வலது கால் ஊமை. இடது கால் மட்டும் ஊன்றும்போதெல்லாம் 'கிர்ரீச்' என்னும். சத்துவாச்சாரியில் அது யாருக்கும் கேட்டதில்லை.

சென்ட்ரலில் இறங்கி வெளியே வந்தால் ரிப்பன் மாளிகை வெள்ளை வெளேரென்று. அதன் பக்கத்தில் சிவப்பாக விக்டோரியா பப்ளிக் ஹால். அனுமதி பெற்ற உரையை நடைபாதையில் நின்று தொடங்கினேன். 1883-ல் அடிக்கல், ராபர்ட் சிஷோம் போட்ட வரைபடம், மகாராணி பட்டமேறிய பொன்விழாவை ஒட்டி வைத்த பெயர். 1897-ல் விவேகானந்தர் பேசியது இங்கேதான். பல வருஷம் பூட்டிக் கிடந்ததை மாநகராட்சி பணம் போட்டுப் புதுப்பித்தது. இதையெல்லாம் சொல்லும்போது இரண்டு பேரும் எதிரே பூக்காரியிடம் முழம் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்த முதலியார் என்றதும்தான் மனைவி திரும்பினாள்.

விஷயமும் அப்படி. கல்லூரியில் படிக்கிற வயசில் அவருக்குத் தமிழ் நாடகம் என்றாலே இளப்பமாம். பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு ஒரு தெலுங்குக் குழுவோடு வந்து சென்னையில் நாடகம் போட்டதைப் பார்த்துத்தான், நாமும் இப்படிச் செய்தால் என்ன என்று 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும். கூத்தாடி என்றால் பெண் கொடுக்கத் தயங்கிய காலத்தில் கோட்டுப் போட்டவர்கள் அரிதாரம் பூசினார்கள். பெண் வேஷத்துக்கும் ஆண்கள்தான். அவருக்கு ஜோடியாக நாயகி வேஷம் கட்டிப் பேரெடுத்த ரங்கவடிவேலுவும் வக்கீல். முதலியார் பகலில் கோர்ட்டு, சாயங்காலம் ஒத்திகை என்று இருந்தே ஏறக்குறைய நூறு நாடகம் எழுதினார், பின்னால் ஜட்ஜாகவும் ஆனார், 1959-ல் பத்மபூஷண்.

"ஒத்திகை முடிஞ்சி ராத்திரி இவங்க வீட்டுக்குப் போனா யாரு எழுந்து கதவு தொறந்தது?" என்று கேட்டாள் மனைவி.

நாடக வரலாறு எழுதிய எத்தனையோ பேருக்குத் தோன்றாத கேள்வி. எனக்கும் பதில் தெரியவில்லை. ஆட்டோ பிடித்தேன்.

பாந்தியன் சாலைக்கு அந்தப் பெயர் வந்ததே ஆட்டம் பாட்டத்தால்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் நடனமும் விருந்தும் நாடகமுமாக இரவைக் கழிக்க அங்கே பாந்தியன் என்ற மாளிகையை வைத்திருந்தார்கள். அவர்கள் ஆடி ஓய்ந்த இடத்துக்குப் பிற்பாடு அருங்காட்சியகம் வந்தது. பழைய மெட்ராஸ்காரர்கள் அதைச் செத்த காலேஜ் என்பார்கள். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். நாடகம் சாயங்காலம்தான் என்பதால் முதலில் செத்த காலேஜைச் சுற்றினோம். திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்து அத்தை, "இத்தினி எலும்பு வச்சிக்கினு எப்படித்தான் நீந்திச்சோ" என்று தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜருக்கு முன்னால் நின்றவர் சூடம் கொளுத்த இடம் தேடினார். காவலர் வந்து பணிவாகத் தடுத்தார்.

"சாமிய எதுக்கு ஊரு வுட்டு ஊரு கொண்டாந்து வச்சிருக்காங்க?" என்று அவரிடம் அத்தை நியாயம் கேட்கவும், நான் எங்கள் ஊர்ப் பெருமையை எடுத்துவிட்டேன். வேலூர்க் கோட்டைக்குள் சாமியில்லாத கோயில் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஜலகண்டேஸ்வரர் இருந்தது எங்கே? எங்கள் சத்துவாச்சாரியில். 1981-ல்தான் லிங்கத்தைக் கோட்டைக் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். சாமிக்கே எங்கள் ஊரில்தான் அடைக்கலம் என்று முடித்தேன். காவலர், "சார், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றார். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் சொல்லாத வாக்கியம் அது. மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சோழர் காலத்துப் பார்வதியின் ஒட்டியாணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தியேட்டர் அதே வளாகத்தில். 1896-ல் எழும்பியது, ஹென்றி இர்வின் கைவண்ணம். ஐகோர்ட்டைக் கட்டி முடித்தவர், பின்னால் மைசூர் அரண்மனைக்கு வரைபடம் போட்டவர். துரைமார் தங்கள் மொழி நாடகங்களைப் போட்டுப் பார்க்கக் கட்டிக்கொண்டது. பக்கத்தில் கன்னிமரா நூலகம், அதே வருஷம் திறந்தது. 1890-ல் அதற்கு அடிக்கல் நாட்டிய கவர்னர் கன்னிமரா பிரபுவை அதே வருஷம் அவர் மனைவி கோர்ட்டுக்கு இழுத்து விவாகரத்து வாங்கிவிட்டார் என்பதை நான் நூலகத்தைக் காட்டும்போது சொல்லவில்லை. எல்லாத் தகவலையும் எல்லா இடத்திலும் சொல்லக்கூடாது.

அந்தக் காலத்துப் பெரிய கட்டடங்களில் பாதிக்குக் கான்ட்ராக்ட் எடுத்தவர் நம்பெருமாள் செட்டியார். சேத்துப்பட்டில் அவருக்கு மட்டும் தொண்ணூற்றொன்பது வீடு இருந்ததாகச் சொல்வார்கள். கணித மேதை ராமானுஜன் கடைசி மூச்சை விட்டது அவற்றில் ஒன்றில்தான். நூறாவதை வேண்டாம் என்று விட்டுவிட்டாராம். ஃபேஸ் டூவில் ஒரே ஒரு வீட்டைக் கட்டிவிட்டு, மழை வந்தால் எந்த அறையில் எந்தப் பாத்திரம் வைப்பது என்று அட்டவணை போட்டிருக்கும் எனக்கு அவர் மேல் மரியாதை பொங்கியது.

தியேட்டர் ஆளுயரத்துக்கும் மேலான பீடத்தின் மேல் நிற்கிறது. அகலமான படிக்கட்டில் ஏறினேன். கிர்ரீச். ஒன்று விட்டு ஒரு படிக்கு. வாசலில் நின்ற இளைஞர்கள் கதவைத்தான் முதலில் பார்த்தார்கள், எண்ணெய் போடச் சொல்லலாம் என்று. உள்ளே போனதும் சத்தம் இரட்டித்தது. முன்பக்கம் பள்ளத்தில் கொஞ்சம் நாற்காலிகள். அதைச் சுற்றி அரைவட்டமாக, படிப்படியாக மேலே ஏறிப்போகும் வரிசைகள். எங்கள் இடம் உச்சியில். பாதி அரங்கம் நிறைந்துவிட்டது. ஏறி முடிக்கும்வரை அத்தனை தலைகளும் என் இடது காலோடு சேர்ந்து திரும்பின. கடைசி நாலு படிக்கு ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். அத்தை அதைப் பார்த்துத் திருப்தியாகத் தன் செருப்பையும் கழற்றினார். கோயில் மாதிரி மரியாதை கொடுப்பதாக நினைத்துவிட்டார்.

உட்கார்ந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, இந்த மண்டபம் ஏன் மைக் கேட்பதில்லை என்று. மேடையைச் சுற்றி வளைத்து உட்காரவைத்திருப்பதால் யாருமே மேடைக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. சமதளத்தில் நாற்காலி போட்டால் முன்வரிசைத் தலைகளும் சட்டையும் புடவையும் சத்தத்தைக் குடித்துவிடும். பின்னால் இருப்பவனுக்குச் சக்கைதான். இங்கே ஒவ்வொரு வரிசையும் ஒரு படி உயரம். நடிகன் வாய்க்கும் என் காதுக்கும் நடுவில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. கிரேக்கர்கள் எபிடாரஸில் இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே பதினாலாயிரம் பேர் உட்காருகிற அரங்கத்தை மலைச்சரிவில் இப்படித்தான் வளைத்தார்கள். அங்கே நடுவில் நின்று காசு ஒன்றைக் கீழே போட்டால் மேல்படியில் கேட்கும் என்று சுற்றுலா வழிகாட்டிகள் இன்றைக்கும் போட்டுக் காட்டுகிறார்கள்.

"நம்ம ஹாலையும் இப்படி அரைவட்டமா இடிச்சிக் கட்டினா என்ன?" என்றேன்.

"கட்டி? சமையல்கட்ட நடுவுல வச்சி, சுத்தி உக்காந்து பார்க்கப் போறீங்களா? சும்மா இருங்க, நாடகம் ஆரம்பிக்குது."

கீழே பள்ளத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். அப்போதே நான் உஷாராகியிருக்கலாம். தடையில்லாமல் ஏறி வருகிற சத்தத்துக்கு இறங்கிப் போகவும் தடையில்லை.

விளக்கு அணைந்தது. நவீன நாடகம். ஒரு கிழவர், ஒரு நாற்காலி, ஒரு மூடிய கதவு. நடிகர் அருமையானவர். மூச்சை இழுத்து விட்டது மேலே எங்களுக்குக் கேட்டது. சட்டைப் பையில் சாவியைத் துழாவியது கேட்டது. பையன் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் வசனத்தைவிட மௌனம்தான் அதிகம். கிழவர் நாற்காலியைப் பார்க்கிறார். பிறகு கதவைப் பார்க்கிறார். பிறகு எங்களைப் பார்க்கிறார். கூத்தில் இந்நேரம் முகவீணையும் மிருதங்கமும் காதைப் பிளந்திருக்கும். சகதேவன் ஜோசியம் பார்த்து முடித்திருப்பான்.

இருட்டில் என் உள்ளங்கையில் ஏதோ வந்து விழுந்தது. அத்தை. கூத்து பார்க்கையில் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்காமல் தின்பது பாவம் என்பது அவர் கொள்கை. உள்ளே தின்பண்டம் கூடாது என்று வெளியே சொல்லியிருந்தார்கள். அது கடையில் வாங்கியதற்குத்தான் என்று அவர் தீர்மானம். நான் யோசித்திருந்தால் பையில் போட்டிருப்பேன். கைக்கு வந்ததை வாயில் போட்டுப் பழகிய உடம்பு. அரை முறுக்கு உள்ளே போய்விட்டது.

எங்கள் வீட்டு முறுக்கைப் பற்றி வெளியில் பேசக்கூடாது என்று உத்தரவு. பச்சரிசி மாவும் உளுந்து மாவும் என்ன விகிதமோ, பாலாற்று மணலும் கொஞ்சம் சேருமோ, எனக்குத் தெரியாது. முதல் கடியில் உடையாது. இரண்டாவது கடியில் உடைவது முறுக்கா பல்லா என்று ஒரு நொடி நிச்சயமிருக்காது. ஊறவைத்து விழுங்கலாம் என்று நாக்கால் கடைவாயில் ஒதுக்கினேன். ஊறவில்லை. எச்சில்தான் ஊறியது. விழுங்கவும் முடியாது, அந்த மண்டபத்தில் 'களுக்' என்று கேட்கும். ஒரு பக்கக் கன்னம் உப்பி, தலையை நேராக வைத்து, கலையில் மூழ்கிய ரசிகனாக நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் என் முகபாவத்தைப் பார்த்துவிட்டு, தனக்குப் புரியாத ஏதோ எனக்குப் புரிகிறது என்று எண்ணி மேடையை இன்னும் உற்றுப் பார்த்தார்.

ஒரே வழிதான். சத்தமான வசனம் ஒன்று வரும். அதன் மறைவில் கடித்துவிட வேண்டும். கைதட்டல் வந்தாலும் சரி. இடி இடித்தால் ரொம்ப நல்லது. மேடையில் கிழவர் மெல்லக் கதவருகே போனார். கையை ஓங்கினார். தட்டப் போகிறார்! தாடையைத் தயார் செய்தேன். ஓங்கிய கை கதவைத் தொடாமல் இறங்கிவிட்டது. மறுபடி ஓங்கினார், மறுபடி இறக்கினார். நவீன நாடகக்காரர்களுக்கு ஈவிரக்கம் கிடையாது. கடைசியாக அவர் நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, இரண்டு கையையும் விரித்து, வாயைத் திறந்தார். இதுதான் சமயம் என்று எனக்குப் பட்டது. கத்துவார் என்று பார்த்தால், காற்றைவிட மெல்லிசான குரலில் கேட்டார்:

"யாராவது இருக்கீங்களா?"

படக்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. 1896-லிருந்து எத்தனையோ துரைகளும் துரைசானிகளும் அடித்தொண்டையில் பேசிப் பார்த்த மண்டபம். இவ்வளவு தெளிவாக எதுவும் ஒலித்திருக்காது. கூரைக்குப் போய், மேடைக்கு இறங்கி, பின்சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கிழவர் மட்டும் மெதுவாகத் தலையைத் தூக்கி, நேரே எங்கள் வரிசையைப் பார்த்தார். விளக்கு அவர் கண்ணில் மின்னியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு, தழுதழுத்த குரலில், "இருக்காங்க" என்றார்.

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அந்தச் சந்தடியில் மிச்சத்தையும் கடித்து விழுங்கினேன்.

நாடகம் முடிந்து தாழ்வாரத்தில் நின்றோம். எங்களோடு நாடகம் பார்த்த பையன் ஒரு மாதிரியாக இருந்தான். அந்தக் குழுவில் அவன் சிநேகிதன் ஒருத்தன் இருக்கிறானாம், பிரதியை இவன் படித்திருக்கிறானாம். "அந்த எடத்துல வசனம் 'யாரும் இல்ல'ப்பா. சொல்லிட்டு விளக்கு அணையணும். அதோட நாடகமே முடியணும். அப்புறம் வந்த இருபது நிமிஷமும் அவரா சமாளிச்சது." இரண்டு தூண் தள்ளி, ஜிப்பா போட்ட இருவர், அந்த ஒற்றை ஒலி வந்த இடம்தான் நாடகத்தின் உயிர்நாடி, அது மனிதனின் முதுகெலும்பு முறிகிற ஓசை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை அவர்கள் பக்கம் டப்பாவை நீட்டப் போனார். தடுத்து நிறுத்தினோம்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறிய பிறகுதான், "கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து உங்க வாயில வந்த ஒரு சத்தத்துக்கு நாலு பேர் கைதட்டினது இன்னிக்குத்தான்" என்றாள். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னாள் என்று பட்டது. இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். ஆட்டோ சத்தத்தில் கேட்கவில்லை என்றாள்.

கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் நாடகம் போட்ட காலத்தில், ஜனங்கள் வந்து பார்த்துவிட்டு ராத்திரியே ஊர் திரும்ப ரயில்வே ஸ்பெஷல் வண்டி விட்டதாகச் சொல்வார்கள். எங்களுக்கு யார் விடப் போகிறார்கள்? நடு ராத்திரிக்குக் காட்பாடி வழியாகப் போகிற ஒரு வண்டியின் பொதுப் பெட்டியில், மேல் தட்டில் அத்தையை ஏற்றிவிட்டு நாங்கள் ஓரமாக ஒண்டினோம். அரக்கோணம் தாண்டியதும் மேலிருந்து தீர்ப்பு வந்தது.

"நல்லாத்தான் பேசனாரு அந்தப் பெரியவரு. ஆனா ஒரே ஆளு, ஒரே நாக்காலி. இதுக்குப் போயி மெட்ராசுக்கு வரணுமா? எங்க ஊர்ல அடுத்த மாசம் பாரதம். கடைசி நாளு பகல்ல படுகளம். நீங்க பார்த்ததே இல்லியே மாப்ள. துரியோதனன மண்ணாலயே செய்வாங்க, தெரு நீளத்துக்கு, மல்லாக்கப் படுத்தாப்புல. மீச மட்டும் ஒரு ஆளு நீளம் இருக்கும். பீமன் வந்து சுத்திச் சுத்தி ஆடி, தொடைய அடிப்பான். அம்மன் கூந்தல் முடிவா. துரியோதனன் ஒரு வார்த்த பேச மாட்டான், அசைய மாட்டான், அப்படியே கெடப்பான். அவ்ளோ பெரிய உருவத்த மண்ணு கொழைச்சி செய்யறதுக்கு ஊரே சேர்ந்து ராவெல்லாம் பாடுபடும்."

"எதுக்கும்மா அவ்ளோ கஷ்டம்?" என்றாள் என் மனைவி, கொட்டாவி விட்டபடி. "ஞாயித்துக்கிழமையா பார்த்து வச்சிக்கச் சொல்லு. இவர கொண்டாந்து போட்டுடலாம்."